ஒரே மீனைப் படித்து ஆயுளைக் கழிக்க முடியுமா? – வாசகர் கேள்வி பதில்

சென்ற மாதம் ஒரு பதிலின் நடுவே, சால்மன் மீன் கடலில் சில ஆண்டுகள் திரிந்துவிட்டு முட்டையிடத் தான் பிறந்த ஓடைக்கே திரும்பி வரும் என்று போகிற போக்கில் எழுதியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்களே இந்த முறை பகுதியை நிரப்பும் அளவுக்குச் சேர்ந்துவிட்டன. எனவே இந்த இதழ் முழுக்க சால்மன், அதன் குடும்பத்தைச் சேர்ந்த குளிர்நீர் மீனான ட்ரௌட், அவற்றோடு வாழ்ந்த மனிதர்கள்.

கேள்வி: சால்மன், ட்ரௌட் மாதிரி ஒன்றிரண்டு மீன்களை மட்டுமே ஆராய்ச்சி செய்து ஒருவர் வாழ்நாள் முழுக்கப் பிழைக்க முடியுமா? அப்படி என்ன இருக்கிறது அதில்? (வாசகர், ஈரோடு)

முடியும், பிழைத்திருக்கிறார்கள். ராபர்ட் பெஹ்ன்கே என்று ஒருவர். 1929ல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் ஸ்டாம்ஃபோர்டில் பிறந்தவர், கொரியப் போர்க்காலத்தில் ராணுவத்தில் இருந்துவிட்டு அதன் பிறகுதான் கல்லூரிக்குப் போனார், பெர்க்லியில் டாக்டர் பட்டம் வாங்கி, கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்து, 2013ல் காலமானார். ட்ரௌட் மீன்கள்தான் அவர் வேலை. மேற்கு அமெரிக்காவின் மலை ஓடைகளில் கட்த்ரோட் ட்ரௌட் என்று ஒரு இனம் இருக்கிறது, தாடைக்குக் கீழே சிவப்பாக ஒரு கீற்று ஓடும். பார்க்க எல்லாம் ஒன்றுபோல இருந்தாலும் ஒவ்வொரு ஆற்றுப் படுகையிலும் அது கொஞ்சம் கொஞ்சம் வேறு. பெஹ்ன்கே ஆண்டுக்கணக்கில் செய்தது, மீனை எடுத்து அதன் பக்கவாட்டில் எத்தனை செதில், செவுளில் எத்தனை முள், எத்தனை முதுகெலும்பு, புள்ளிகள் பெரியவையா சிறியவையா, வாலருகில் கூடியிருக்கின்றனவா உடம்பெங்கும் பரவியிருக்கின்றனவா என்று எண்ணி எண்ணி எழுதி வைத்ததுதான். டி.என்.ஏ. பரிசோதனை எல்லாம் கைக்கு வராத காலம் அது.

இதனால் என்ன பயன் என்றால், நெவாடாவில் பிரமிட் ஏரி என்று பையூட் பழங்குடியினரின் நிலத்தில் ஒரு பெரிய பாலைவன ஏரி இருக்கிறது. அங்கே இருந்த லஹோன்டன் கட்த்ரோட் என்ற வகைதான் உலகத்திலேயே மிகப் பெரிதாக வளர்ந்த கட்த்ரோட், 1925ல் அங்கே பிடிபட்ட ஒன்று 41 பவுண்டு, நம் கணக்கில் பதினெட்டரை கிலோ. அந்த ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் ட்ரக்கி ஆற்றின் குறுக்கே 1905ல் பாசனத்துக்காக டெர்பி அணையைக் கட்டித் தண்ணீரைத் திருப்பினார்கள். முட்டையிட ஆற்றில் ஏற முடியாமல் 1940களுக்குள் அந்த மீன் ஏரியிலிருந்து அடியோடு போய்விட்டது. அவ்வளவுதான், இனி இல்லை என்றே எல்லோரும் நினைத்தார்கள். 1970களின் கடைசியில், நெவாடா-யூட்டா எல்லையில் பைலட் பீக் என்னும் மலையடிவாரத்தில், தாண்டிவிடக்கூடிய அகலமே உள்ள ஒரு சின்ன ஓடையில் கொஞ்சம் ட்ரௌட் கிடைத்தன. பெஹ்ன்கேயும் அவரோடு வேலை பார்த்த டெர்ரி ஹிக்மனும் அவற்றைப் பார்த்துவிட்டு, இவை அநேகமாக அந்தப் பழைய பிரமிட் ஏரி மீனின் வாரிசுகள், எப்போதோ யாரோ கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள் என்று 1979ல் எழுதினார்கள். பின்னால் மரபணு ஆய்வும் அதையே சொன்னது. 2006ல் அந்த வம்சத்தின் குஞ்சுகளைத் திரும்ப ஏரியில் விட்டார்கள். இன்றைக்கு அங்கே 20 பவுண்டுக்கு மேல் எடையுள்ள மீன்கள் தூண்டிலில் வருகின்றன. அந்த ஓடையில் இருந்தது என்ன மீன் என்று பிரித்துச் சொல்லத் தெரிந்த ஆள் இல்லாமல் போயிருந்தால், ஏதோ ட்ரௌட் என்று விட்டிருப்பார்கள், ஒரு வறட்சியில் அதுவும் செத்திருக்கும். ஒரே மீனை ஆயுள் முழுக்கப் படிப்பதில் என்ன இருக்கிறது என்று கேட்டால் இதுதான் இருக்கிறது.

எல்லாம் இப்படி நல்லபடியாகவே முடியும் என்றும் சொல்ல மாட்டேன். கொலராடோவின் கிரீன்பேக் கட்த்ரோட் 1937ல் அழிந்துவிட்டதாக எழுதிவிட்டார்கள், பிறகு சில ஓடைகளில் கிடைத்தவற்றை உருவத்தை வைத்து இதுதான் அது என்று அடையாளம் கண்டு, ஊர் ஊராக ஓடைகளில் விட்டு வளர்த்தார்கள், 1994ல் மாநில மீனாகவே அறிவித்தார்கள். 2012ல் அருங்காட்சியகங்களில் சாராயத்தில் போட்டு வைத்திருந்த நூறு ஆண்டுகளுக்கு மேல் பழமையான மீன்களின் டி.என்.ஏ.வை எடுத்து ஒப்பிட்டபோது, வளர்த்ததில் பெரும்பாலானவை பக்கத்துப் படுகை மீன்கள், உண்மையான கிரீன்பேக் மிஞ்சியிருப்பது பேர் க்ரீக் என்ற ஒரே ஓடையில்தான் என்று தெரிந்தது. பல ஆண்டு உழைப்பைத் திருப்பிப்போட்ட முடிவு. ஆனால் அந்த முடிவுக்குப் பிறகுதான் சரியான மீனுக்கு சரியான ஓடை கிடைக்கத் தொடங்கியது.

கேள்வி: மீன் கடையில் இந்தியன் சால்மன் என்று விற்கிறார்களே, அதுவும் இப்படிப் பிறந்த ஆற்றுக்குத் திரும்புமா? (வாசகி, நாகர்கோவில்)

நீங்கள் வாங்குவது நம்ம ஊர் காலா மீன். சால்மனோடு அதற்கு எந்த உறவும் இல்லை. மார்புத் துடுப்புக்குக் கீழே நூல் நூலாகத் தொங்குவதைப் பார்த்தாலே தெரிந்துவிடும். நல்ல மீன், ருசியான மீன், குழம்பு வைத்துச் சாப்பிடுங்கள். சூப்பர் மார்க்கெட்டில் ஆரஞ்சு நிறத்தில் துண்டு போட்டு விற்பதுதான் சால்மன், அதில் பெரும்பகுதி நார்வே போன்ற நாடுகளில் கடலில் கூண்டு கட்டி வளர்ப்பது, அது எந்த ஆற்றுக்கும் திரும்பப் போவதில்லை.

கேள்வி: பிறந்த ஓடையை சால்மன் எப்படிக் கண்டுபிடிக்கிறது? வாசனையால் என்கிறார்கள். அதை யார், எப்படி நிரூபித்தார்கள்? நான் ஓய்வு பெற்ற அறிவியல் ஆசிரியர், கதையாகச் சொல்லாமல் சோதனையைச் சொல்லவும். (வாசகர், கும்பகோணம்)

சோதனையையே சொல்கிறேன் ஐயா, ஆனால் அந்த யோசனை பிறந்த இடத்தையும் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை. ஆர்தர் ஹாஸ்லர், யூட்டா மாநிலத்தில் பிறந்து விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஏரி, மீன் ஆராய்ச்சி செய்தவர், பிரெஞ்சு ஹார்ன் வாசிப்பவரும்கூட. போர் முடிந்த சமயம் ஐரோப்பாவில் இருந்தபோது, தேனீக்களின் நடனத்தைப் புரிந்து சொன்ன கார்ல் ஃபான் ஃபிரிஷைப் போய்ப் பார்த்திருக்கிறார். அவர் கூட்டத்தில் மீனின் மோப்ப சக்தி பற்றியும் ஆய்வு நடந்துகொண்டிருந்தது. 1946ல் சொந்த ஊர்ப் பக்கம் விடுமுறைக்குப் போய் டிம்பனோகோஸ் மலையில் ஏறும்போது, கண்ணுக்கு இன்னும் தெரியாத ஒரு அருவியின் பக்கமிருந்து பாசியும் மலைப்பூவும் கலந்த வாசம் காற்றில் வந்ததாம், அந்த நொடியில் சிறுவயது நினைவுகள் திமுதிமுவென்று மேலெழுந்ததாம். மனிதனுக்கே இப்படி என்றால் சால்மனுக்கும் தன் ஓடையின் வாசம் இப்படித்தான் பதிந்திருக்குமோ என்று அங்கேதான் அவருக்குத் தோன்றியது.

இனி சோதனை. முதலில் ஹாஸ்லரும் அவர் மாணவர் வாரன் விஸ்பியும் சாதாரணக் கெண்டை வகைச் சிறு மீன்களை வைத்து, இரண்டு வெவ்வேறு ஓடைகளின் தண்ணீரை மீனால் மோப்பத்தால் பிரித்தறிய முடியும் என்று காட்டி 1951ல் வெளியிட்டார்கள். அப்புறம் வாஷிங்டன் மாநிலத்தில் இசாக்வா ஓடை. அது ஓரிடத்தில் இரண்டு கிளையாகப் பிரிகிறது. இரண்டு கிளையிலும் ஏறி வந்த கோஹோ சால்மன் முந்நூறைப் பிடித்து, பாதிக்கு மூக்கில் பஞ்சு அடைத்து, பிரியும் இடத்துக்குக் கீழே கொண்டுபோய் விட்டார்கள். மூக்கு திறந்திருந்தவை பெரும்பாலும் தாங்கள் முன்பு தேர்ந்தெடுத்த அதே கிளைக்கு ஏறின, அடைக்கப்பட்டவை தடுமாறி இரண்டிலும் கலந்து போயின. இது 1954ல் வெளிவந்தது.

இதில் ஒரு ஓட்டை உண்டு, நீங்களே பிடித்திருப்பீர்கள். மூக்கை அடைத்தால் மீன் வேறு விதமாகவும் கலங்கிப் போயிருக்கலாம் அல்லவா? அதற்குத்தான் 1970களின் சோதனை. மிச்சிகன் ஏரிக்கு கோஹோ சொந்தமில்லை, 1960களில்தான் கொண்டுவந்து விட்டார்கள். ஹாஸ்லரின் குழு பொரிப்பகத்தில், அதாவது மீன் முட்டைகளைச் செயற்கையாகப் பொரித்து வளர்க்கும் இடத்தில், இருந்த இளம் கோஹோவைச் சில வாரங்கள், ஓடைகளில் இயற்கையாக இல்லாத மார்ஃபோலின் என்ற ரசாயனம் மிக மிகக் குறைவாகக் கலந்த தண்ணீரில் வைத்திருந்து ஏரியில் விட்டது. ஒன்றரை ஆண்டு கழித்து அவை முட்டையிட வரும் பருவத்தில், அவை ஒருபோதும் பார்த்திராத ஒரு ஓடையில் மார்ஃபோலினைச் சொட்டவிட்டார்கள். மீன்கள் அந்த ஓடைக்கு வந்தன. அதே தொட்டித் தண்ணீரில் மார்ஃபோலின் இல்லாமல் வளர்ந்தவை அந்த அளவுக்கு வரவில்லை. இன்னொரு கூட்டத்துக்கு வேறொரு ரசாயனம் பழக்கி, அதை வேறொரு ஓடையில் சொட்டவிட்டபோது அவை அங்கே போயின. 1976ல் வெளியான இந்த முடிவு இன்றுவரை நிற்கிறது. 1946ல் தோன்றிய எண்ணம், உறுதியாக 30 ஆண்டு ஆகியிருக்கிறது பாருங்கள். நடுக்கடலிலிருந்து கரையோரம் வரைக்கும் வருவதற்குப் பூமியின் காந்தப்புலம் உதவுகிறது என்று பின்னால் வந்தவர்கள் காட்டியிருக்கிறார்கள், வாசனை வேலை செய்வது ஆற்றுக்கு அருகில் வந்த பிறகு.

கேள்வி: மீன் குறைந்தால் பொரிப்பகம் கட்டி லட்சக்கணக்கில் குஞ்சு விட வேண்டியதுதானே. இதில் எதற்கு இவ்வளவு ஆராய்ச்சி, இவ்வளவு கவலை? (வாசகர், பொள்ளாச்சி)

இந்தக் கேள்விக்குத்தான் நூறு ஆண்டுக்கு மேலாக ஆய்வாளர்கள் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள், ஆட்சியில் இருப்பவர்கள் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. 1872ல் லிவிங்ஸ்டன் ஸ்டோன் கலிஃபோர்னியாவின் மெக்லவுட் ஆற்றங்கரையில் சால்மன் முட்டை சேகரிக்கும் நிலையம் போட்டார். அங்கிருந்து முட்டைகளை ரயிலேற்றி அமெரிக்காவின் கிழக்குக் கரைக்கு அனுப்பி ஆறு ஆறாக விட்டுப் பார்த்தார்கள், எங்கும் நிலைக்கவில்லை. அதற்காக யாரும் நிறுத்தவில்லை. கொலம்பியா ஆற்றில் கிராண்ட் கூலி அணையை மீன் ஏறும் வழியே இல்லாமல் கட்டி, அதற்கு ஈடாகக் கீழே பொரிப்பகங்களைத் திறந்தார்கள். அணைக்கு மேலே உள்ள ஓடைகளின் சால்மன் அதோடு முடிந்தது. அந்த ஓடைகளை நம்பி வாழ்ந்த பழங்குடி மக்களின் உணவும் முடிந்தது. பொரிப்பகம் இருக்கிறதே என்ற தைரியம்தான் பல அணைகளுக்குக் கையெழுத்து போட்டது என்பது என் கருத்து, இதில் நான் நடுநிலையாக இருக்கப் போவதில்லை.

உண்மையில் இதை எடுத்துப் பார்த்தவர்கள் கனடாவில் இருந்தார்கள். பிரிட்டிஷ் கொலம்பியாவில் கல்டஸ் ஏரி. அங்கே ரஸ்ஸல் ஃபோர்ஸ்டர் 1920களின் நடுவிலிருந்து பல ஆண்டுகள், சில வருடம் சாக்கை என்ற வகை சால்மனை இயற்கையாக முட்டையிட விட்டும், சில வருடம் முட்டையை எடுத்துப் பொரிப்பகத்தில் பொரித்து விட்டும், ஏரியிலிருந்து கடலுக்குப் போகும் இளசுகளை எண்ணினார். பொரிப்பகத்துக்கு ஆகும் செலவை நியாயப்படுத்தும் அளவுக்கு எந்த வித்தியாசமும் இல்லை. கனடா அரசு 1930களில் அந்த மாகாணத்தில் தான் நடத்திய சால்மன் பொரிப்பகங்களை மூடியது. ஒரு மீன் ஆய்வாளர் சொன்னதைக் கேட்டு ஒரு அரசு தன் திட்டத்தையே மூடியது என்பதை நான் பெரிய விஷயமாக நினைக்கிறேன். (பல ஆண்டு கழித்து அங்கேயே திரும்பப் பொரிப்பகங்கள் வந்தன என்பது வேறு.)

அந்த கல்டஸ் ஏரியில் ஃபோர்ஸ்டரோடு வேலை பார்த்த இளைஞர்தான் பில் ரிக்கர். மீன்வளம் படிப்பவர்கள் யாரும் ரிக்கர் வளைகோட்டைத் தாண்டாமல் போக முடியாது, 1954ல் அவர் எழுதியது. தாய் மீன் அதிகமாக வந்தால் குஞ்சும் அதிகமாகும் என்றுதானே நினைப்போம்? ஒரு அளவு வரைதான். அதைத் தாண்டினால், பின்னால் வரும் பெண் மீன் குழி தோண்டும்போது முன்னால் வந்தது புதைத்து வைத்த முட்டையைக் கிளறிவிடும், குஞ்சுகளுக்கு இரை பற்றாது, அடுத்த தலைமுறை குறையத் தொடங்கும். எவ்வளவு பிடிக்கலாம், எவ்வளவு விட்டுவைக்க வேண்டும் என்று கணக்குப் போட இதுதான் அடிப்படை. ரிக்கர் இதற்காக மட்டும் உட்கார்ந்திருக்கவில்லை, கல் ஈ என்ற ஓடைப் பூச்சிகளை வகைப்படுத்தினார், ரஷ்யர்களின் ஆய்வைப் படிக்க ரஷ்ய மொழி கற்று மற்றவர்களுக்காக அகராதியே தொகுத்தார். அவரும் ஹாஸ்லரும் பிறந்தது 1908, இறந்தது 2001, இருவரும் அப்படியே.

உங்கள் கேள்விக்கு இன்னும் நேரான பதில் அலாஸ்காவின் பிரிஸ்டல் பே. அங்கே வாஷிங்டன் பல்கலைக்கழகத்தார் 1940களிலிருந்து சாக்கை சால்மனை விடாமல் கணக்கெடுக்கிறார்கள். நூற்றுக்கணக்கான ஓடைகளில் தனித்தனிக் கூட்டங்கள். சில முன்னதாக வரும், சில பின்னதாக. சில ஏரிக்கரையில் முட்டையிடும், சில முழங்கால் தண்ணீர்கூட இல்லாத ஓடையில், அங்கே உடல் பருத்த ஆண் மீனைக் கரடி தின்றுவிடும் என்பதால் அந்த ஓடை மீன்கள் ஒல்லியாகவே இருக்கும். குளிர் அதிகமான ஆண்டில் ஒரு கூட்டம் சரிந்தால் இன்னொன்று ஏறும், மொத்தத்தில் மீன்வரத்து பெரிதாக ஆடுவதில்லை. 2010ல் வந்த ஒரு கட்டுரை இந்தப் பன்மை மட்டும் இல்லாவிட்டால் ஏற்ற இறக்கம் இருமடங்குக்கு மேல் போயிருக்கும் என்று கணக்கிட்டது. ஒரே பொரிப்பகத்தில் ஒரே தாய்க்கூட்டத்திலிருந்து எடுத்த பத்து லட்சம் குஞ்சுகளிடம் இந்தப் பன்மை கிடையாது. நீங்கள் விவசாயி என்று எழுதியிருக்கிறீர்கள், நிலத்துக்கு ஏற்ற நாட்டு விதை போய் எல்லா இடத்துக்கும் ஒரே விதை வந்ததைக் கண்ணால் பார்த்தவர், இதற்கு மேல் நான் விளக்க வேண்டாம்.

பொரிப்பகமே கெட்டது என்றும் எடுத்துக்கொள்ளாதீர்கள். முதல் பதிலில் சொன்ன பிரமிட் ஏரி மீன் திரும்பி வந்ததே ஒரு பொரிப்பகம் வழியாகத்தான். எந்த மீனை, எந்தத் தண்ணீருக்காகப் பொரிக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

கேள்வி: எங்கள் நீலகிரியில் அவலாஞ்சி ட்ரௌட் இருக்கிறதே, அது இந்த ஊர் மீனா? (வாசகர், குன்னூர்)

இல்லை. வெள்ளைக்காரர்கள் தூண்டில் போடுவதற்காகக் கொண்டுவந்தது. இந்திய மீன்களைப் பற்றிப் பெரிய நூல் எழுதிய பிரான்சிஸ் டே 1860களில் முயன்றார், முதலில் கொண்டுவந்தவை பிழைக்கவில்லை. பிறகு எச்.சி. வில்சன் காலத்தில், 1907ல் அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைந்து ரெயின்போ ட்ரௌட் நிலைத்தது. பிரவுன் ட்ரௌட் இங்கே ஒட்டவில்லை. மூணாறுப் பக்கமும், இலங்கையில் நுவரெலியா, ஹோர்டன் சமவெளி ஓடைகளிலும் இருப்பது அதே ரெயின்போதான். பிறப்பிடம் பசிபிக் கடலைச் சுற்றியுள்ள ஆறுகள். தண்ணீர் 20 டிகிரிக்கு மேல் சூடானால் திணறத் தொடங்கும், அதனால் மலை உச்சியை விட்டு அது கீழே இறங்குவதில்லை. அழகான மீன்தான், மறுக்கவில்லை. ஆனால் பூச்சி, சின்ன மீன், தலைப்பிரட்டை என்று கிடைத்ததைத் தின்னும் மீன், நம் சோலை ஓடைகளில் வேறெங்கும் இல்லாத தவளைகள் இருக்கின்றன. புதிதாக எந்த ஓடையிலும் அதைக் கொண்டுபோய் விடக் கூடாது என்பேன்.

கேள்வி: நான் பிளஸ் டூ உயிரியல் பிரிவு படிக்கிறேன். சென்ற மாதம் நீங்கள் எழுதியதைப் படித்ததிலிருந்து மீன் ஆய்வாளர் ஆக வேண்டும் என்று இருக்கிறது. ஆற்றில் இறங்கி நிற்கிற வேலை பெண்ணுக்கு எதற்கு என்கிறார் அம்மா. அன்றாட வேலை எப்படி இருக்கும், எங்கே படிக்கலாம்? (வாசகி, தேனி)

அம்மாவிடம் எம்மலின் மூரைப் பற்றிச் சொல்லுங்கள். 1872ல் பிறந்தவர். நியூயார்க் மாநிலத்தின் ஆறு, ஏரி எல்லாவற்றையும் படுகை படுகையாக ஆராய்ந்து, எந்த ஓடையில் எந்த மீனை விடலாம், எதில் விடக் கூடாது என்று முடிவு செய்யும் பெரிய கணக்கெடுப்பை 1926லிருந்து தலைமை தாங்கி நடத்தியவர். அமெரிக்க மீன்வளச் சங்கத்துக்கு 1920களிலேயே தலைவரானார், அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண். நூறு ஆண்டு ஆகப்போகிறது.

அன்றாட வேலை பெரும்பாலும் எண்ணுவதுதான். அலாஸ்காவில் தெளிந்த ஆறுகளின் கரையில் கோபுரம் கட்டி, மணிக்குப் பத்து நிமிடம் ஒரு கரை, பத்து நிமிடம் மறு கரை என்று இரவும் பகலும் முறை வைத்து, ஏறிப்போகும் சால்மனை எண்ணுவார்கள், அந்த எண்ணிக்கையை வைத்துத்தான் மீனவர்களுக்கு இன்று வலை போடலாமா கூடாதா என்று சொல்வார்கள். அப்புறம் செதில். அதை உருப்பெருக்கியில் வைத்தால் மரத்தில் இருப்பது போல வளையங்கள் தெரியும், எத்தனை ஆண்டு ஆற்றில், எத்தனை ஆண்டு கடலில் என்று படிக்கலாம். செத்த மீனின் தலைக்குள் காதுக்கல் இருக்கும், அதில் உள்ள ரசாயனத்தை வைத்து எந்த ஓடையில் பிறந்தது என்றுகூடச் சொல்லிவிடுகிறார்கள். ஓடையில் லேசாக மின்சாரம் பாய்ச்சி மீனை மயக்கிப் பிடித்து, அளந்து, அரிசி அளவு அடையாளச் சில்லு ஒன்றை வயிற்றில் செலுத்தித் திரும்ப விடுவதும் உண்டு. குளிரும் ஈரமும் இருக்கும், அதன் பிறகு மாதக்கணக்கில் கணினி முன்னால் உட்காரவும் வேண்டும். புள்ளியியலைக் கண்டு பயப்படாதீர்கள், இந்தத் துறையில் அது இல்லாமல் ஒன்றும் நகராது.

படிப்புக்கு, பி.எஃப்.எஸ்சி. என்ற நான்காண்டு மீன்வளப் பட்டம் இருக்கிறது. தூத்துக்குடி மீன்வளக் கல்லூரி 1977லிருந்து நடக்கிறது, இப்போது அது நாகப்பட்டினத்தில் உள்ள மீன்வளப் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகிறது. பிளஸ் டூ முடித்ததும் அந்தப் பல்கலைக்கழகத்துக்கே விண்ணப்பிக்க வேண்டும். குளிர்நீர் மீன்களுக்கென்றே மத்திய அரசின் ஆராய்ச்சி நிறுவனம் உத்தராகண்டில் பீம்தாலில் இருக்கிறது, மேற்படிப்பு முடித்தபின் அந்தப் பக்கம் பார்க்கலாம்.

ஆனால் சால்மனுக்காக அலாஸ்கா போனால்தான் உண்டு என்று நினைக்க வேண்டாம். காவிரியில் திமில் உள்ள மகசீர் என்று ஒரு மீன் இருக்கிறது, 50 கிலோவுக்கு மேல் வளரக்கூடியது, காவிரிப் படுகையைத் தவிர உலகத்தில் வேறெங்கும் இல்லை. மகாராஷ்டிரத்தின் லோனாவாலாவில் பொரித்த வேறொரு மகசீர் இனத்தைக் காவிரியில் பல ஆண்டுகள் விட்டார்கள், நல்லெண்ணத்தோடுதான் விட்டார்கள், அது பெருகிப் பரவ, சொந்த மீன் கண்ணில் படுவதே அரிதாகிவிட்டது. இதில் கொடுமை என்னவென்றால், தூண்டில்காரர்கள் நூறு ஆண்டுக்கு மேலாகக் கொண்டாடிய அந்த மீனுக்கு அறிவியல் பெயர் எது என்பதே 2018ல்தான் உறுதியானது. அமராவதியில் சேரும் பாம்பாற்றிலிருந்து 2007ல் விவரிக்கப்பட்டிருந்த டோர் ரெமாதேவி என்ற இனம்தான் அது என்று கண்டார்கள், அதே ஆண்டு மிக ஆபத்தான நிலையில் உள்ள இனங்களின் பட்டியலிலும் சேர்த்தார்கள். மோயாற்றில் இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கிறது. அது எங்கே முட்டையிடுகிறது, எந்தத் தண்ணீர்மட்டத்தில் ஏறுகிறது, குஞ்சு எங்கே வளர்கிறது என்று உட்கார்ந்து எண்ணுவதற்கு ஆள் போதவில்லை. பாம்பாறு தேனியிலிருந்து தொலைவில்லை. விண்ணப்பம் வெளியாவது தேர்வு முடிவை ஒட்டித்தான், அதற்குள் உயிரியலோடு கணக்கையும் கொஞ்சம் கவனித்துக்கொள்ளுங்கள்.